நோயுற்று மெலிந்த பூனையை மீண்டும் உண்ண வைப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: எட்டு வயதுப் பெண் பூனை, 4.2 கிலோ எடை இருந்தது, நோய்வாய்ப்பட்ட ஆறு வாரங்களில் 3 கிலோவாகக் குறைந்துவிட்டது. மருத்துவர் கொடுத்த மாத்திரைகள் தொடர்கின்றன. தட்டருகே வருகிறது, முகர்ந்து பார்க்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறது. சிரிஞ்சால் புகட்டத் தொடங்கியதிலிருந்து ஆளைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. எடை கூடுவதற்கு என்ன உணவு கொடுக்கலாம்?

என்ன கொடுப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் பூனைக்கு இப்போது குறையாக இருப்பது நல்ல உணவு அல்ல. உணவை வாயில் வைக்க விடாமல் எதுவோ அதைத் தடுக்கிறது. அந்தத் தடையை நீக்காமல் தட்டில் எதை மாற்றி வைத்தாலும், நாலைந்து நாட்களில் பூனை அத்தனை உணவுகளையும் வெறுக்கக் கற்றுக்கொள்ளும் என்பதே பல ஆண்டுகளாக நோயுற்ற பூனைகளைப் பராமரித்ததில் நான் கண்டது.

முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டினி பூனையின் உடலுக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று. உணவு வராதபோது உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. பூனையின் கல்லீரலால் அந்த அளவைக் கையாள முடியாமல், கொழுப்பு அதன் செல்களிலேயே தேங்கி, கல்லீரல் செயலிழக்கத் தொடங்குகிறது. சில நாட்கள் முற்றிலும் உண்ணாமல் இருந்தாலே இது நிகழலாம். தேவையில் பாதிக்கும் குறைவாக வாரக்கணக்கில் உண்டாலும் நிகழலாம். முன்பு குண்டாக இருந்து வேகமாக இளைத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். ஆகவே 24 மணி நேரம் எதையும் உண்ணாத பூனையை மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஈறு, கண்ணின் வெண்பகுதி, காதின் உட்புறத் தோல் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் தினமும் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அன்றே போக வேண்டும்.

இனி, தட்டருகே பூனை நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள், அதுவே பாதி நோயறிதல். நீங்கள் எழுதியிருப்பதைப் போல ஆவலோடு வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு, எச்சிலை விழுங்கிக்கொண்டு விலகிப் போனால், சில சமயம் மலத்தை மூடுவதைப் போலத் தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டினால், அதற்குக் குமட்டல் இருக்கிறது என்று கொள்ளலாம். வாந்தி எடுத்தால்தான் குமட்டல் என்று நினைக்க வேண்டாம், ஒரு முறைகூட வாந்தி எடுக்காமல் வாரக்கணக்கில் குமட்டலோடு இருக்கும் பூனைகள் உண்டு. வந்து ஒரு வாய் கவ்வி, தலையை ஒருபுறம் சாய்த்து மென்று, கீழே நழுவவிட்டு, முன்னங்காலால் வாயைத் தேய்த்தால் நோவு வாயில் இருக்கிறது: பல் கரைந்து வேர் தெரிவது, ஈறும் தொண்டையும் புண்ணாகியிருப்பது போன்றவை பூனைகளிடம் மிகவும் சாதாரணம், ஆனால் மயக்கம் கொடுத்துப் பார்த்தால் மட்டுமே முழுமையாகத் தெரிபவை. தட்டருகே வரவே இல்லை என்றால் காய்ச்சல், வலி, நீரிழப்பு, மலச்சிக்கல், பொட்டாசியம் குறைவு ஆகியவற்றைத் தேட வேண்டும்; பொட்டாசியம் மிகவும் குறைந்த பூனை தலையைத் தூக்க முடியாமல் கழுத்தைக் கீழ்நோக்கி வளைத்தே வைத்திருக்கும். வேளை தவறாமல் நிறைய உண்டும் இளைக்கிற பூனையின் கதை வேறு. அங்கே தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு, குடல் நோய், குடற்புழு ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் தேவை, பசியைத் தூண்டும் முயற்சிகளால் பயன் இல்லை.

ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "சாப்பிட மாட்டேன் என்கிறது" என்று மட்டும் சொல்லாமல், அது வந்து, முகர்ந்து, விலகுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்து காட்டுங்கள். குமட்டலை அடக்கும் மாரோபிடன்ட், ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகளைக் கொடுக்கலாமா, வலி நிவாரணி தேவையா, தோலுக்கு அடியில் திரவம் ஏற்ற வேண்டுமா, இரத்தத்தில் பொட்டாசியமும் பி12 வைட்டமினும் எப்படி இருக்கின்றன என்று நேரடியாகக் கேளுங்கள். கடைசியாகச் சொன்ன பி12 பல இடங்களில் மறந்துபோகும் ஒன்று: குடலில் நாட்பட்ட நோய் உள்ள பூனைக்கு அது உறிஞ்சப்படாமல் குறைந்துபோகிறது, குறைந்தால் பசியும் குறைகிறது, ஊசி வழியாக ஈடுசெய்யும் வரை மற்ற மருந்துகளும் முழுப் பலன் தருவதில்லை.

நீங்கள் கொடுக்கும் மாத்திரைகளையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். மெட்ரோனிடசோல் போன்ற கசப்பு மருந்து நாவில் பட்டால் பூனை நுரை நுரையாக எச்சில் வடிக்கும், அதன் பிறகு பல மணி நேரம் உணவை ஏறெடுத்துப் பார்க்காது. டாக்சிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணை உண்டாக்கக்கூடியது. மாத்திரைக்குப் பின் சில மில்லி தண்ணீரைக் கொடுத்து அது வயிற்றுக்குள் இறங்குவதை உறுதிசெய்ய வேண்டும். எந்த மருந்தையும் உணவில் ஒளித்துக் கொடுக்காதீர்கள். நன்றாக உண்ணும் பூனைக்கு அந்தத் தந்திரம் பலிக்கும். உண்ணத் தயங்கும் பூனையோ கசப்பை அந்த உணவின் குற்றமாகவே எடுத்துக்கொண்டு, நோய் தீர்ந்த பிறகும் அதைத் தொடாமல் இருக்கும்.

இதே காரணத்தால்தான் சிரிஞ்சைப் பற்றி உங்களிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. குமட்டலில் இருக்கும் ஒரு விலங்கின் வாயில் வலுக்கட்டாயமாக உணவைச் செலுத்தும்போது, அந்த உணவின் மணமும், அதைக் கொண்டுவரும் கையும், பிடித்து அழுத்திய இடமும் ஒன்றாகச் சேர்ந்து அதன் நினைவில் துன்பமாகப் பதிகின்றன. உங்கள் பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிவது அதனால்தான். அது உங்களை வெறுக்கவில்லை, நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்திருக்கிறது. போராடும் பூனைக்குப் புகட்டுவதில் உடலுக்கும் ஆபத்து இருக்கிறது: உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும், மெலிந்த பூனை அதைத் தாங்காது. மேலும், மல்லுக்கட்டிக் கொடுத்து, துப்பியது போக உள்ளே சென்றதைக் கணக்கிட்டால் பெரும்பாலும் அது ஒரு நாள் தேவையில் ஒரு சிறு பங்காகவே இருக்கும். ஆகவே குமட்டலுக்கு மருந்து தொடங்கும் வரை சிரிஞ்சை எடுத்து வைத்துவிடுங்கள்; அந்த மருந்து இன்றோ நாளையோ தொடங்க வேண்டும், ஏனெனில் எடுத்து வைப்பது என்பது பட்டினி போடுவதாக ஆகிவிடக் கூடாது. எதிர்ப்பில்லாமல் நக்கி ஏற்கும் பூனைக்கு மட்டும் சிரிஞ்சு பொருந்தும்: பூனை இயல்பாக உட்கார்ந்திருக்க, தலையை அண்ணாந்து பிடிக்காமல், கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்னத்தின் பக்கவாட்டில் நுனியை வைத்து, அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பின்பே அடுத்ததைக் கொடுக்க வேண்டும்.

குமட்டல் அடங்கிய பிறகு உணவின் முறை வருகிறது. பூனைக்கு இனிப்புச் சுவையை உணர முடியாது. அதற்குரிய ஏற்பியின் மரபணு அதன் இனத்தில் பழுதுபட்டுக் கிடக்கிறது என்பதை 2005-இல் கண்டறிந்தார்கள். அது முதலில் மூக்கால்தான் உண்கிறது. சளியால் மூக்கு அடைத்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு வேளைக்கும் முன் மூக்கைத் துடைத்துவிடுங்கள். நீராவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் உங்களோடு வைத்திருப்பதும் அடைப்பை இளக்கும். உணவை இரையின் உடல் சூட்டுக்கு, அதாவது 37 அல்லது 38 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மணம் எழும்பும். மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவில் கொதிக்கும் திட்டுகள் இருக்கும், நன்றாகக் கலக்கி விரலால் தொட்டுப் பார்த்த பின் வையுங்கள்.

ஒரு தேக்கரண்டி அளவை அகலமான தட்டையான தட்டில் வைத்து, இருபது அல்லது முப்பது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். இயற்கையில் பூனை நாள் முழுவதும் பத்து, பன்னிரண்டு முறை சிறிது சிறிதாக உண்ணும் விலங்கு. இரண்டு பெரிய வேளை என்பது நாம் அதற்குப் பழக்கியது. காய்ந்து ஓரம் கறுத்த உணவு எந்நேரமும் அதன் மூக்கின் முன் கிடப்பது பசியைக் கொல்லும். ஒரே நேரத்தில் ஆறு வகையைப் பரப்பி வைப்பதும் அப்படியே. அன்பினால் செய்கிறோம், ஆனால் குமட்டல் மீதமிருக்கும் பூனைக்கு அது ஆறு வெறுப்புகளைக் கற்றுத் தருகிறது. ஒரு வேளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மலம் கழிக்கும் தட்டிலிருந்து தொலைவில், பிற விலங்குகள் வந்து வேடிக்கை பார்க்காத இடத்தில் வையுங்கள். உங்கள் பூனை கட்டிலுக்கு அடியில்தான் பாதுகாப்பாக உணர்கிறது என்றால் தட்டை அங்கேயே தள்ளிவிட்டு விலகி நில்லுங்கள். சில பூனைகள் கழுத்தை வருடிக்கொண்டிருந்தால் உண்ணும், விரலில் தடவிக் காட்டினால் நக்கும். சிரிஞ்சுக்குப் பயந்த உங்கள் பூனைக்கு அந்த நிலை திரும்பச் சில நாட்கள் ஆகலாம்.

இப்போது உணவைப் பற்றி. நீங்கள் கேட்ட எடை கூட்டும் உணவு என்பது கொழுப்பும் விலங்குப் புரதமும் நிறைந்த உணவுதான். குட்டிகளுக்கான ஈர உணவும், நோயிலிருந்து மீளும் விலங்குகளுக்கென்றே மருத்துவர்கள் தரும் குழைவான டின் உணவும் இதற்கு மிகவும் ஏற்றவை, சிறிய அளவிலேயே அதிக கலோரி தருபவை. சிறுநீரக நோய் இருந்தால் குட்டி உணவில் உள்ள பாஸ்பரஸ் பொருந்தாது என்பதை மருத்துவர் சொல்வார். ஆனாலும் சிறுநீரகத்துக்கான சிறப்பு உணவைத் தொட மறுத்துப் பட்டினி கிடப்பதைவிட, தனக்குப் பிடித்த சாதாரண உணவை உண்பதே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. சிறப்பு உணவை உடம்பு தேறிய பிறகு, சிறிது சிறிதாகக் கலந்து அறிமுகப்படுத்தலாம்; குமட்டலின் நடுவில் அறிமுகப்படுத்தினால் அந்த உணவை வாழ்நாள் முழுவதற்கும் இழந்துவிடுவீர்கள்.

உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி இறைச்சி, பசியைத் திறந்துவிடும் சாவியாக நன்றாக வேலை செய்யும். அதையே முழு உணவாக ஆக்கிவிடக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை, பூனைக்குத் தேவையான வேறு பலவும் போதிய அளவில் இல்லை. டாரின் என்ற அமினோ அமிலம் நெடுநாள் குறைந்தால் பூனையின் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். ஈர உணவின் மேல் சிறிது இறைச்சியைத் தூவுவது அல்லது அதை வேகவைத்த நீரை ஊற்றுவது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நீரில் வெங்காயமோ பூண்டோ, அவற்றின் பொடியோ சேரவே கூடாது, அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கடையில் வாங்கும் சூப்பிலும் குழந்தை உணவிலும் அந்தப் பொடி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தந்து, கூடிய எடையையும் கரைத்துவிடும். நோயுற்ற பூனைக்குப் பச்சை இறைச்சியும் பச்சை மீனும் வேண்டாம். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும்.

எவ்வளவு கொடுப்பது? ஓய்வில் இருக்கும் உடலின் தேவையைக் கணக்கிட, எடையைக் கிலோவில் எடுத்து 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டுங்கள். 3 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 160 கிலோகலோரி வருகிறது. பழைய எடையான 4.2 கிலோவுக்கு 196 வரும். உடம்பு தேறத் தொடங்கிய பின் அந்த இலக்கை நோக்கி மெல்ல நகரலாம். உலர் உணவு கிராமுக்கு ஏறக்குறைய 4 கிலோகலோரி தருகிறது, எனவே 40 கிராமிலேயே 160 வந்துவிடும். நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீரே ஆன ஈர உணவு பெரும்பாலும் கிராமுக்கு 1 கிலோகலோரிக்குச் சற்று முன்பின்னாக இருப்பதால் அதே கலோரிக்கு 160 கிராமோ அதற்கு மேலுமோ தேவைப்படும். ஈர உணவு நீரிழப்பையும் சேர்த்துத் தீர்ப்பதால் அதையே முதன்மையாக வைத்துக்கொள்வேன். பூனை உலர் உணவை மட்டுமே கேட்டால் அதையே மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.

ஆனால் இந்த அளவை முதல் நாளே எட்டிவிட முயலாதீர்கள். பல நாட்கள் பட்டினியில் இருந்த உடலுக்குள் திடீரென்று நிறைய உணவு போனால், இரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் பாய்ந்து, இரத்தத்தில் அவற்றின் அளவு ஆபத்தாகச் சரியும். பூனை தளர்ந்து விழும், சிவப்பணுக்கள் உடையும், இதயம் தடுமாறும். பெருமளவு உண்ணாமல் இருந்த பூனைக்கு முதல் நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோகலோரி போல, அடுத்த நாள் 100, அதன் பிறகு 160 என்று மூன்று நான்கு நாட்களில் ஏற்றுவதே முறை. அந்த நாட்களில் இரத்தப் பரிசோதனை எப்போது தேவை என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

பசியைத் தூண்டும் மருந்துகள் உண்மையாகவே உதவுகின்றன. குமட்டலும் வலியும் கவனிக்கப்பட்ட பிறகு. மிர்டசபைன் பசியைத் தூண்டுவதோடு குமட்டலையும் ஓரளவு அடக்கும். காதின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவும் வருகிறது, மாத்திரையோடு போராட முடியாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல். தடவும்போது கையுறை அணிய வேண்டும். அளவு கூடினால் பூனை ஓயாமல் கத்தும், நிலைகொள்ளாமல் அலையும், நடுங்கும். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதான பூனைக்கு இடைவெளியைக் கூட்டிக் கொடுப்பார்கள். எனவே மனிதர்களுக்கான மாத்திரையை நாமே உடைத்துக் கொடுக்கும் மருந்தல்ல அது. காப்ரோமோரெலின் என்ற வாய்வழித் திரவம் பசிக்கான ஹார்மோனைப் போலச் செயல்படுகிறது, சிறுநீரக நோயால் இளைக்கும் பூனைகளுக்கென்றே வந்தது. முன்பு வழக்கில் இருந்த டயசிபாம் மாத்திரை சில பூனைகளின் கல்லீரலை ஒரேயடியாக அழித்துவிடுவதால் இந்த நோக்கத்துக்கு அதை ஏற்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு மூன்று நாட்களில் பூனை தன் தேவையில் பாதியாவது தானாக உண்ணவில்லை என்றால், ஊட்டக்குழாயைப் பற்றிப் பேசுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலரும் அதைச் சாவுக்கு முந்திய கடைசிக் கட்டமாக எண்ணி மறுத்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படி மறுத்து, பத்து நாட்கள் சிரிஞ்சோடு போராடி, என் பூனையின் கடைசி நாட்களை அதற்குப் பயமாக்கிவிட்டேன். அடுத்த பூனைக்கு அதே நிலை வந்தபோது மூன்றாம் நாளே சம்மதித்தேன், அது பிழைத்தது. மூக்கு வழியாகச் செல்லும் மெல்லிய குழாயைப் பொருத்த முழு மயக்கம் தேவையில்லை, சில நாட்களுக்குப் போதும், ஆனால் நீராகாரம் மட்டுமே அதில் இறங்கும். கழுத்தின் பக்கவாட்டில் உணவுக்குழாய்க்குள் பொருத்தும் சற்றுப் பருத்த குழாய்க்குச் சிறிது நேர மயக்கம் வேண்டும். அதன் பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட வைத்திருக்கலாம், குழைத்த டின் உணவையும் தண்ணீரையும் பொடித்த மருந்தையும் அதிலேயே கொடுக்கலாம், குழாயோடு பூனை தன் வாயாலும் உண்ணலாம். தொடக்கத்தில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வரை, உங்கள் பூனைக்கு வேளைக்கு 15 முதல் 30 மில்லி, வெதுவெதுப்பாக, பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்த வேண்டும். முன்னும் பின்னும் தண்ணீரால் குழாயைக் கழுவ வேண்டும். துளையைச் சுற்றிச் சீழோ வீக்கமோ இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். உங்கள் மடியில் தூங்கிக்கொண்டே பூனை ஒரு வேளை உணவை முடித்துவிடும். வாயின் மேலிருந்த பயம் விலகுவதால், பல பூனைகள் குழாய் வைத்த பிறகுதான் தட்டை நோக்கித் தானாக நடக்கின்றன.

எடையைப் பார்ப்பதிலும் ஏமாற இடமுண்டு. திரவம் ஏற்றிய மறுநாள் 150 கிராம் கூடியிருந்தால் அது நீர், சதை அல்ல. எடை ஏறிக்கொண்டே போக, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முன்னிலும் கூர்மையாகத் தட்டுப்பட்டு, வயிறு மட்டும் உப்பினால் வயிற்றில் நீர் சேர்கிறது என்று சந்தேகித்து உடனே காட்டுங்கள். வாரம் இருமுறை, ஒரே தராசில், காலை உணவுக்கு முன் எடை போடுங்கள். குழந்தைகளுக்கான தராசு 10 அல்லது 20 கிராம் வேறுபாட்டையும் காட்டும். பக்கத்தில் அன்று உண்டது எத்தனை கிராம், வாந்தி உண்டா, மலம் எப்படி என்று எழுதிவையுங்கள். முதல் வாரத்தில் எடை இறங்காமல் நின்றாலே அதை வெற்றியாகக் கொள்ளுங்கள். கொழுப்பு முதலில் திரும்பும், முதுகெலும்பின் இருபுறமும் உள்ள தசை நிரம்பப் பல வாரங்கள் ஆகும். விரல்களால் தடவிப் பார்த்து அந்த நிரம்பலையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.